டயருக்குப் பக்கத்தில் ஒரு கல்

கதவைத் திறந்ததும் காருக்குள் எங்கோ ஒரு வண்டு ரீங்காரமிட்டது. சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது. இரண்டு மூன்று நொடியில் சத்தம் அடங்கிவிட்டது.

"அது பம்ப் சார். நீங்க உட்காரப் போறீங்கன்னு தெரிஞ்சுகிட்டு ஆயிலுக்கு அழுத்தம் ஏத்திக்குது" என்றார் மெக்கானிக்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில், தகரக் கொட்டகை போட்ட சின்னப் பட்டறை. காலை ஆறரை மணி. கார் என் மச்சானுடையது. பழசாக வாங்கியது, ஏ.எம்.டி. வகை. ஊரில் 'கியர் இல்லாத கார்' என்பார்கள். மச்சானுக்கு அதில் இரண்டு குறை. கிளம்பும்போது குலுக்குகிறது, ஏற்றத்தில் நின்றால் பின்னால் வருகிறது. விற்றவர் சொன்னதோ வேறு: "பிரேக்கை விட்டா தானா போகும், மலையிலயும் அப்படித்தான்." கல்வராயன் மலை பக்கத்திலேயே இருக்கும்போது இதற்கு எதற்குப் பஞ்சாயத்து? ஏறிப் பார்த்துவிடலாம் என்று வண்டியை வாங்கி வந்திருந்தேன். துணைக்கு மெக்கானிக் அண்ணன். அரை நாள் கூலி 600 ரூபாய், டிபன் தனி.

கிளம்பும் முன் பானட்டைத் தூக்கினார். "கியர் இல்லைன்னு யார் சொன்னா?" என்று ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினார். சாதாரண காரில் இருக்கும் அதே கியர் பாக்ஸ். அதே ஒற்றை கிளட்ச் பிளேட். அதன் தலைமேல் பம்பும் வால்வும் ஒரு சின்ன கம்ப்யூட்டரும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நம் இடது காலும் இடது கையும் செய்த வேலையை அவை செய்கின்றன, அவ்வளவுதான். பட்டறை மூலையில் கிடந்த ஒரு பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். கழற்றி எத்தனை நாளானதோ, கருகல் வாசம் போகவில்லை. கூடவே கிடந்த பிரஷர் பிளேட்டில் திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்திருந்தது. "இதுவும் கியர் இல்லாத வண்டிதான் சார்."

இந்த ஏற்பாட்டின் பூர்வீகம் பந்தயக் களம். 1989இல் பிரேசிலில் நடந்த பார்முலா ஒன் பந்தயத்தில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த துடுப்பை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் ஃபெராரியை ஓட்டி நைஜல் மான்செல் ஜெயித்தார். 1997இல் அது எஃப்355 என்ற சாலைக் காருக்கு இறங்கி வந்தது. அதில் கிளட்சை இயக்கும் சாதனம் இத்தாலியின் மேக்னெட்டி மரெல்லியுடையது. அதே நிறுவனத்தின் கைங்கரியத்தோடுதான் 2014இல் மாருதி செலெரியோ நம் ஊர்த் தெருக்களில் கிளட்ச் பெடல் இல்லாமல் வந்து நின்றது. ஆகவே ஃபெராரிக்காரரும் என் மச்சானும் ஒரே குறையைச் சொன்னால் அதில் வியப்பில்லை.

அந்த ஸ்போர்ட்ஸ் காரில் ஆக்சிலேட்டரைத் தொடும்வரை கிளட்ச் விலகியே நிற்கும். பயந்து பயந்து தொட்டால் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் பிளேட் உரசிக்கொண்டே இருக்கும். படாரென்று மிதித்தால் கார் துள்ளும். கால் மெதுவாகவும் இறங்க வேண்டும், தயங்கவும் கூடாது. பிளேட் முழுசாகக் கவ்விய பிறகுதான் வேகம் கேட்க வேண்டும். அவர்களுக்கும் பெரிய எதிரி ஏற்றம்தான். சரிவில் ரிவர்ஸில் ஏற்றுவது இன்னும் மோசம்.

மச்சான் கார் அந்த அளவுக்கு முரண்டு பிடிக்காது. பிரேக்கை விட்டால் சமதரையில் தானே ஊர்கிறது. கச்சிராயபாளையம் போகிற வழியில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டிக்கொண்டு போயின. அவற்றின் பின்னால் நின்று நின்று கிளம்ப எனக்கு நல்ல வாய்ப்பு. முதல் மூன்று தடவையும் குலுக்கல். காரணம் என் கால்தான். பிரேக்கிலிருந்து எடுத்த வேகத்தில் ஆக்சிலேட்டரில் விழுந்தது. கார் கிளட்சை ஒட்ட வைக்கத் தொடங்கும்போதே நான் இன்ஜினை உறும வைத்துவிடுகிறேன். நாலாவது தடவை பிரேக்கை விட்டுவிட்டு மனசுக்குள் 'ஒண்ணு' என்று எண்ணினேன். கார் தானாக ஒரு அடி ஊர்ந்தது. அப்புறம் மிதித்தேன். குலுக்கல் இல்லை. முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது மட்டும் எங்கள் இருவர் தலையும் ஒருமுறை ஆடியது. அந்த நேரம் பார்த்துக் காலை லேசாகத் தளர்த்தினால் அதுவும் குறைகிறது. சாதா வண்டியில் யாரும் சொல்லாமலே இதைத்தானே செய்கிறோம்!

கச்சிராயபாளையத்தில் டீ 12 ரூபாய், வடை 8. கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வந்திருந்தோம். அடுத்து 46 அடி கோமுகி அணை. காலை வெயிலில் தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது. நிற்கவில்லை. அணையைத் தாண்டியதும் சாலை நிமிர ஆரம்பித்துவிட்டது.

ஆளரவம் இல்லாத, நேரான, அகலமான ஓர் ஏற்றம் பார்த்து நிறுத்தினோம். முன்னும் பின்னும் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அண்ணன் இறங்கி ஒரு கருங்கல்லை எடுத்து, பின்டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேராகப் பக்கத்தில் வைத்தார். அடையாளத்துக்கு.

முதல் சோதனை விற்றவர் சொன்னபடி. பிரேக்கை விட்டேன், காத்திருந்தேன். கார் பின்னால் போனது. பதறி பிரேக்கை மிதித்தேன். அண்ணன் குனிந்து கையால் அளந்தார். ஒன்றரைச் சாண். சில கார்களில் ஏற்றத்தில் பிரேக்கை ஓரிரு நொடி தானே பிடித்து வைக்கும் வசதி உண்டு. இதில் அது இல்லை. சமதரையில் ஊர்வதையும் அதையும் விற்றவர் ஒன்றாக்கிவிட்டார் போலிருக்கிறது.

இரண்டாவது சோதனை மச்சான் வழக்கம். பிரேக்கே வேண்டாம், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பது. கல்லை விட்டு டயர் அசையவில்லை. அடடா, இது நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். பத்து நொடி போயிருக்கும், ஜன்னல் வழியாக ஒரு வாசம் வந்தது. பட்டறையில் முகர்ந்த அதே வாசம்!

"விடுங்க சார், விடுங்க" என்று அண்ணன் கத்தினார்.

கொஞ்ச நேரம் இன்ஜினை அணைத்துப் போட்டோம். ஓரத்தில் கடுக்காய் உதிர்ந்து கிடந்தது. கீழே இருந்து ஒரு அரசு பஸ் முனகிக்கொண்டு ஏறி வந்து, மூட்டையோடு நின்ற ஒரு அம்மாவுக்காக எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. 'புஸ்' என்று காற்று விடும் சத்தம். மூட்டை ஏறியது. விசில் வந்தது. இன்ஜின் சத்தம் ஒரு படி தடித்தது.  பஸ் ஒரு விரல்கூடப் பின்னால் வராமல் மேலே நகர்ந்தது. நின்றபோது வந்த அந்த 'புஸ்', டிரைவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்ட சத்தம். இன்ஜின் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் அதை விட்டிருக்கிறார். அத்தனை டன் எடைக்குச் சரிப்படுவது இதற்குச் சரிப்படாதா?

மூன்றாவது சோதனை அப்படி வந்ததுதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கால் பிரேக்கை விட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினேன். காரின் மூக்கு ஒரு இழை மேலே தூக்கியது. கிளட்ச் கவ்வுகிறது என்று அர்த்தம். அந்த நொடியில் ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். கார் முன்னால் போனது. அண்ணன் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "நூல் அளவு கூடப் பின்னால வரல சார்."

நம்பாமல் இன்னும் நாலு தடவை செய்து பார்த்தேன். ஒருமுறை ஹேண்ட் பிரேக்கை விடத் தாமதித்து கார் உறுமியது. மற்ற மூன்றும் சுத்தம். கல்லை எடுத்து அவர் ஓரமாக எறிந்தார். சாலையிலேயே விட்டுவிட்டுப் போகிற லாரிக்காரர்களைத் திட்டியபடி எறிந்தார்.

மிச்ச ஏற்றத்துக்கு லீவரை 'எம்'முக்குத் தள்ளி, முதலும் இரண்டுமாக நானே கியர் போட்டுக்கொண்டேன். 'டி'யில் விட்டால் வளைவுக்கு நடுவில் மூன்றா இரண்டா என்று அது யோசிக்கிறது. அந்த யோசனையில் வேகம் செத்துவிடுகிறது. வெள்ளிமலையில் நிறுத்தும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. லீவரில் 'பி' கிடையாது. கியரிலேயே வைத்து இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட வேண்டும்.

டீக்கடை எதிரே குச்சிக்கிழங்கு ஏற்றிய பிக்கப் ஒன்று நின்றிருந்தது. அதன் டிரைவர் எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"கிளட்ச் இல்லாத வண்டியா? இதுலயா ஏறி வந்தீங்க?"

"ஆமாண்ணே."

முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினார். "வாசமே வரலையே" என்றார்.

மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.