வேனிற் கனியப்பம்

புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி 1954 ஆம் ஆண்டில் நீங்கிற்று. அவர்தம் அடுமனைக் கலையோ நீங்கவில்லை. 'தார்த்' என்னும் கனியப்பம் அக்கலையில் அமைந்ததாகும். அந்நகர்ப் பாட்டி ஒருத்தி, வேனில் விடுமுறைக்கு வந்த பெயர்த்திக்காக மாங்கனி கொண்டு அதனைச் சுடலானாள்.

கோடை வெம்மை வெண்ணெயை உருக்கிவிடுமாதலின், வைகறையிலேயே எழுந்து, குளிர்ந்த வெண்ணெயை மாவில் பிசிறிக் குளிர்நீர் தெளித்தாள்.

"பாட்டி, அழுத்திப் பிசையட்டுமா?" என்றாள் சிறுமி.

"வேண்டா, கண்ணே! அழுத்தினால் அப்பம் கடினமாகும். வெண்ணெய் துணுக்குகளாகவே இருந்தால், அடுப்பில் அதன் நீர் ஆவியாகி மாவை ஏடேடாகப் பிரிக்கும்."

திரட்டிய மாவை ஒரு நாழிகை குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்து, தட்டில் பரப்பிச் சுட்டனர். ஆறியபின் மாங்கீற்றுகளை அடுக்கினர். அப்பம் மொறுமொறுவென உதிர்ந்தது. வன்மையால் முடியாததை மென்மை முடிக்கும் என்பதைச் சிறுமி சுவைத்தே உணர்ந்தாள்.