செப்பேடும் ஏலியனும்

வாயேஜர் விண்கலத்துல போன தங்கத்தட்டைப் பத்திப் பேச்செடுத்தாலே நம்மாளுங்களுக்குக் கடுப்பாயிடும். 1977-ல அனுப்பின அந்தத் தட்டுல 55 மொழியில வணக்கம் சொல்லியிருக்காங்க. தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம்கூட இருக்கு. தமிழ் இல்லை! கார்ல் சேகன் குழு பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்துல கிடைச்சவங்களைப் பேச வச்சுப் பதிவு பண்ணினாங்க. அன்னிக்கு நம்மாளு யாரும் சிக்கலை போல.

எனக்கு இதுல பெரிய வருத்தம் இல்லீங்க. வேற்றுக்கிரகத்துக்கு வணக்கம் அனுப்பறதே கொஞ்சம் வெட்டி வேலைங்கறது என் கட்சி. வாயேஜர் 1 இன்னொரு நட்சத்திரத்துப் பக்கம் போகவே சுமார் 40,000 வருஷம் ஆகும். 'பக்கம்'னா என்ன, ஒன்றரை ஒளியாண்டுக்கும் மேல தள்ளி :-) ஆனா காதைத் தீட்டிக்கிட்டு கேக்கறது வேற. அதுக்கு என் ஓட்டு எப்பவும் உண்டு.

அந்தத் தட்டு உண்மையில தங்க முலாம் பூசின செம்பு. செம்புன்னதும் எங்க திருவாலங்காடு ஞாபகம் வந்துடுது. ராஜேந்திர சோழனோட 6-ம் ஆட்சியாண்டுல, அதாவது சுமார் 1018-ல, பழையனூரை இந்த ஊர்க் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்ற 31 செப்பேடுகள் 1905-ல கிடைச்சுது. சமஸ்கிருதத்துல சோழ வம்சப் பெருமை, தமிழ்ல நிலம், எல்லைன்னு சுத்தமான ரிஜிஸ்டர் ஆபீஸ் சமாச்சாரம். நாளைக்குத் தகராறு வந்தா காட்டறதுக்கு எழுதி வச்சது. 900 வருஷம் கழிச்சு சரித்திரம் தேடற ஆளுங்களை மனசுல வச்சு எழுதினது இல்லை.

ஏலியன் சேதியும் இப்படித்தான் சிக்கும்னு எனக்குத் தோணுது. நம்ம பேர் போட்டு கடுதாசி வராது. அவங்க வீட்டுப் பேச்சு ஏதாவது ஒட்டுக்கேட்டாத்தான் உண்டு. நடக்கற காரியமான்னு கேட்டா, 2016 அக்டோபர் 19-ம் தேதி ஐரோப்பியர்களோட ஸ்கியாப்பரெல்லி செவ்வாய்ல இறங்கினப்போ, அதோட மெல்லிசான சிக்னலை புனே பக்கத்துல இருக்கற ராட்சத மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி பிடிச்சுது. அந்தச் சிக்னல் செவ்வாயைச் சுத்தற கலங்களுக்காக அனுப்பினது. சுமார் 10 நிமிஷம் பயணம் பண்ணி வந்ததை நம்மாளுங்க இங்கேர்ந்தே கேட்டாங்க. (பாவம், கலம் தரையில மோதி நொறுங்கிடுச்சு.) நட்சத்திர தூரம்னா கதை வேற, சிக்னல் இன்னும் எத்தனையோ மடங்கு பலமா இருக்கணும். ஒத்துக்கறேன்.

கேட்டாலும் புரியணுமே? செப்பேட்டைப் படிக்க முடிஞ்சதுக்குக் காரணம், தமிழும் சமஸ்கிருதமும் தெரிஞ்ச மனுஷங்க நடுவுல அறுபடாம இருந்தது. சிந்துவெளி முத்திரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐராவதம் மகாதேவன் அந்த எழுத்துக்கெல்லாம் தொகுதி போட்டதும் இதே 1977-லதான். ஆனாலும் இன்னி வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கற மாதிரி யாரும் படிக்கலை. எழுதினது நம்மள மாதிரி சோறு தின்ன மனுஷன்தானே!

அதனால அர்த்தம் புரியறதெல்லாம் ரெண்டாம் பட்சம். 'யாரோ இருக்காங்க'ன்னு தெரிஞ்சாலே எனக்குப் போதும். அதுக்கும் ஒரு தடவை கேட்டா பத்தாது. 1977 ஆகஸ்ட் 15-ல ஓஹியோவில பிடிச்ச 'வாவ்' சிக்னல் 72 விநாடி பதிவாச்சு, அதுக்கப்புறம் எத்தனை தேடியும் மறுபடி வரலை. செப்பேடுன்னா திரும்ப எடுத்துப் பார்த்துக்கலாம், இதை என்ன பண்றது?

நிறைய நேரம் கேக்கணும், வேற வழியில்லை. ஊட்டிக்குப் போறவங்க தொட்டபெட்டா பார்த்துட்டு வந்துடறாங்க. முத்தோரையில கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டி 1970-ல ஓட ஆரம்பிச்ச ரேடியோ தொலைநோக்கி இருக்கு. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தோட அட்சரேகையும் அதே 11. அதனால தொலைநோக்கியோட அச்சு பூமி அச்சுக்கு இணையா அமைஞ்சுடுச்சு. ஒரே அச்சுல திருப்பிக்கிட்டே ஒரு பொருளை மணிக்கணக்கா விடாம பார்க்கலாம். எவ்வளவு அழகான யோசனை!

பல்சர் ஆராய்ச்சியெல்லாம் அங்கே நடந்திருக்கு. அவங்க வேலையைக் கெடுக்கவே வேணாம். அரெசிபோ தொலைநோக்கி மத்த ஆராய்ச்சிக்கு வானத்தைப் பார்க்கறப்போ கூடவே ஒட்டிக்கிட்டு சேர்த்த தரவைத்தான் செட்டி அட் ஹோம் 1999-லேர்ந்து 2020 மார்ச் வரைக்கும் உலகத்துல இருக்கற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி சலிக்க வச்சுது. ஊட்டியில பிடிச்ச தரவையும் அதே மாதிரி இன்னொரு தடவை சலிச்சா என்ன? ஒரு ஆராய்ச்சி மாணவர், நாலு கம்ப்யூட்டர், கொஞ்சம் கரண்டு. சலிக்க ஆள் பத்தலைன்னா நான் வரேங்க.