வடக்கே போகாத மணல்

புதுச்சேரி வீராம்பட்டினத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது மணல்தான். அலைக்குப் போய்ச் சேருவதற்குள் கால் கடுத்துவிட்டது. வடக்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் போட்ட கருங்கல் சுவர் நீண்டு கிடக்கிறது. மணலெல்லாம் அதன் தெற்குப் பக்கம் குவிந்திருந்தது.

இந்தக் கரையில் தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் அலை மணலை வடக்கே தள்ளும். மழைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கழித்துப் பார்த்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் வடக்கேதான் போக வேண்டும். கடல் கூலி கேட்காமல் செய்த வேலை அது. சுவர் மறித்த பிறகு அதே வேலைக்கு டீசல், தூர்வாரும் இயந்திரம், டெண்டர், நிதி எல்லாம் வேண்டியிருக்கிறது. மணலைக் குழாய் வழியே வடக்கே அனுப்பும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. தூர்வாருவது தள்ளிப்போனால் முகத்துவாரம் அடைபட்டு விசைப்படகுகள் தரை தட்டுகின்றன.

பாலம் சுற்றி நகருக்கு வர ஆட்டோவுக்கு 200 ரூபாய். ஒன்றரை கிலோமீட்டர் கடற்கரைச் சாலையை வடக்கு நோக்கி நடந்தேன். மணல் வராமல் கரை அரிக்கப்பட்டதால் ஓரமெல்லாம் கருங்கல். தலைமைச் செயலகத்துக்கு எதிரே மட்டும் பிள்ளைகள் மணலில் ஓடினார்கள். அங்கே தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் கடலடியில் எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கியிருக்கிறது. “பீச் திரும்பி வந்துடுச்சு சார்” என்றார் சுண்டல்காரர். பொட்டலம் 20 ரூபாய். அதைத் தின்று முடிக்கும் முன்பே மணல் முடிந்து, மறுபடி கல் வந்துவிட்டது.

குருசுக்குப்பத்தில் ஃபைபர் படகுகளைக் கல்லுக்கு இந்தப் பக்கம் தெருவோரம் ஏற்றி வைத்திருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், “ஐயா, இங்கே கரைவலை போடுறதில்லையா?” என்றேன். “நின்னு இழுக்க எடம் வேணுமே தம்பி.” கரைவலைக்கு எஞ்சின் வேண்டாம், டீசல் வேண்டாம், மணலும் ஆளும் இருந்தால் போதும். கரை போனதும் அந்தத் தொழிலும் போய்விட்டது. ஆழக்கடலுக்குப் போகிறவர் எண்ணெய் விலையைப் பார்த்துத்தான் படகை இறக்க வேண்டும்.

கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்குகிறது. தந்திராயன்குப்பத்தில் கடலுக்குள் கல்லால் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். அதற்குள் கொஞ்சம் மணல் ஒதுங்கியிருக்கிறது. “இனிப் பயமில்லை” என்று அங்கே ஒருவர் சொன்னார். நான் கடைசிக் கல் வரை போய்ப் பார்த்தேன். அதற்கு வடக்கே கரை செங்குத்தாக அறுந்து, தென்னை வேர்கள் வெளியே தெரிந்தன. அங்கேயும் கல் கேட்கிறார்கள். கல்லுக்குச் செலவழிக்கும் பணத்தை, வீராம்பட்டினத்து மணலை முகத்துவாரம் தாண்டி அனுப்ப ஆண்டுதோறும் ஒதுக்கியிருக்க வேண்டும்.