கூர் போடும் நேரமும் கூலி நேரம்தான்

தூத்துக்குடியில் மரத்தோணி கட்டும் இடத்தில் நாலு பக்கமும் மரம். வங்குக்கு, அதாவது தோணியின் விலாச் சட்டத்துக்கு, வளைந்த கட்டை, பக்கத்துக்கு நீளப் பலகை. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிக்கு எல்லாமே கனத்த மரமாக வேண்டும். அந்த மரத்தை அறுப்பவர்கள் செயின் சாவுக்கு எப்படிக் கூர் போடுகிறார்கள் என்று பார்க்கப் போயிருந்தேன்.

மூத்த தச்சர் ஒருவர் செயின் சாவை அசையாதபடி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இறுக்கினார். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டார். அதில் தொடங்கிச் சுற்றிவந்து அதிலேயே முடிக்க வேண்டும். உருட்டு அரத்தைப் பல்லின் உட்புறம் வைத்து வெளிப்பக்கமாக ஒரே தள்ளு. திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுகிறார். அழுத்தியபடி பின்னால் இழுத்தால் அரம்தான் மழுங்கும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கத்துப் பற்கள் முடிந்ததும் மெஷினைத் திருப்பி மறுபக்கம் தொடங்கினார்.

செயினில் பற்கள் இடம் ஒன்று, வலம் ஒன்றாக மாறி மாறி வரும். ஒரு பக்கம் குட்டையானால் அறுப்பு வளைந்துவிடும். பெரும்பாலான செயின்களுக்குக் கோணம் 30 டிகிரி. 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம், அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு திமில்தான் பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை முடிவுசெய்கிறது. பல்லைவிட அது சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். தட்டை அரத்தால் அதற்கு மேல் ராவிவிட்டால் மெஷின் எகிறி ஆளை அடிக்கும்.

இந்தப் பல்லை உருவாக்கியவர் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரம்வெட்டி. கட்டையைத் துளைக்கும் வண்டுப்புழு தன் தாடையால் இடமும் வலமுமாகச் சுரண்டுவதைக் கவனித்து வடிவமைத்தார். 1947இல் அது விற்பனைக்கு வந்தது.

கடற்கரையில் கூர் நிலைப்பதில்லை. கட்டையில் ஒட்டிய மணல் பல்லைத் தின்கிறது. பழைய தோணியைப் பழுது பார்க்கையில் பலகைக்குள் கிடக்கும் இரும்பாணி பட்டால் ஒரே நொடியில் கூர் போய்விடும். “பல்லு சீவலாத் தள்ளணும் தம்பி. மாவாக் கொட்டுச்சுன்னா உடனே நிப்பாட்டிரணும். அமுக்கி அறுத்தா மரம் கேக்காது, நம்ம தோளுதான் கேக்கும்” என்றார் அந்த மூத்த தச்சர்.

இந்தக் கரைக்கு அறுக்கும் தொழில் புதிதல்ல. இந்தக் கரையின் பழந்துறைமுகமான கொற்கையில் ரம்பத்தால் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அத்தனை காலமாக வெட்டும் கருவி இருந்த இடத்தில், அதைக் கூர் தீட்டிய கையும் இருந்திருக்கும். ஆனால் அறுத்த அளவுக்குக் கூலி பேசும் இடங்களில் அரம் போடும் நேரம் கணக்கில் வருவதில்லை. அதனால் அவசரத்தில் மழுங்கிய செயினோடு மல்லுக்கட்டுகிறார்கள். மெஷினின் அதிர்வு விரல் நரம்பைப் பாதிக்கும். எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். அறுப்பும் நேராக வராது.

கூர் போடுவது வேலைக்கு முந்தைய தயாரிப்பு அல்ல, வேலையின் பாதி. கூலி பேசும்போதே அந்த நேரத்தையும் அரத்தின் விலையையும் சேர்த்துப் பேச வேண்டும். தோணி கட்டச் சொல்கிறவருக்கு அது சிறு தொகை. அறுக்கிறவருக்கோ அது தோளும் விரலும்.