ஷொக்கில் மலையின் பரீட்சை

பிரயாணம் போவோர் பொதுவாக அரண்மனைகளையும் ஆலயங்களையும் நாடிச் செல்வர். நாமோ ஒரு மோட்டார் வண்டி பிறந்த ஊரைக் காண்பதற்காக ஒஸ்திரியா நாட்டிற்குப் புறப்பட்டோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு நியாயமும் உண்டு. அவ்வண்டியை வாங்கும் செல்வமோ அதனைச் செலுத்தும் திறமையோ நம்மிடம் கிடையாது. ஆயினும், தோலாசனமும் இன்னிசைக் கருவியும் பொருந்திய, 585 குதிரைவலு கொண்ட சொகுசு வண்டியொன்று கல்லும் வேரும் நிறைந்த காட்டுப் பாதையிற் சோதிக்கப்படுகிறது என்று கேள்விப்பட்ட நாள் முதலாக ஓர் ஐயம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. அத்தனை குதிரைகள் ஒரு மலைக்கு எதற்கு?

வேறொரு பொறுப்பும் நமக்கு இருந்தது. நம் நண்பர் ஒருவரின் மகன் கிராட்ஸ் நகரிற் பொறியியல் பயின்று வருகிறான். இயந்திரப் பிரிவிற் சேர்ந்தவன் இப்பொழுது மின் பிரிவுக்கு மாற எண்ணுகிறானாம். “பிள்ளை நிதானமாகத்தான் முடிவு செய்கிறானா என்று நேரிற் பார்த்து எழுதவும்” என நண்பர் கேட்டிருந்தார்.

மணி காட்டும் நெடுமுள்

ஒஸ்திரியாவின் இரண்டாவது பெருநகரம் கிராட்ஸ். மூர் நதி நகரின் நடுவே ஓடுகிறது. நகரின் நடுவே எழுந்து நிற்கும் ஷ்லொஸ்பேர்க் குன்றின்மீது பழைய மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று உண்டு. காலையிலே அதனை ஏறிட்டு நோக்கிய நாம் திடுக்கிட்டோம். மணி ஏறக்குறைய பிற்பகல் 1.45 எனக் காட்டிற்று! நண்பரின் மகனைக் காலை 9.15க்குச் சந்திப்பதாக ஒப்புக்கொண்டிருந்தோம். விரைந்து ஓடிச்சென்ற நம்மைக் கண்டு அவன் சிரித்தான்.

“மாமா, நேரம் இன்னும் இருக்கிறது. இந்த மணிக்கூட்டிலே நெடுமுள் மணியைக் காட்டும், குறுமுள்தான் நிமிடத்தைக் காட்டும்” என்றான்.

முன்னாளில் இக்கோபுரத்தில் மணியைக் காட்டும் முள் மட்டுமே இருந்ததாம். தொலைவில் உள்ளோரும் காணவேண்டும் என்று அதனை நெடியதாக அமைத்தனர். நிமிட முள் பிற்காலத்திற் சேர்க்கப்பட்டமையால் அது சிறியதாக வாய்த்தது. முதலில் வந்தது எதுவோ அதுவே பெரிதாக நிற்கிறது என்ற எண்ணத்துடன் அவ்விடம் விட்டு அகன்றோம்.

பூக் என்னும் தொழிலாளர்

இந்நகரின் வாகனத் தொழிலுக்கு வித்திட்டவர் ஜொஹான் பூக். இன்றைய சிலோவேனியா நாட்டிலுள்ள ஒரு கிராமத்தில் 1862ஆம் ஆண்டு பிறந்தவர். பூட்டு வேலை பழகிய அவர் கிராட்ஸிலே துவிச்சக்கர வண்டிகளைச் செய்து பெயர் பெற்றார். பின்னர் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அவருடைய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. 1914இல் அவர் மறைந்த பின்னரும் பூக் என்னும் பெயர் மறையவில்லை.

அவர் பெயரால் அமைந்த நூதனசாலையில் நம்மைக் கவர்ந்தது ஆடம்பர வண்டி அன்று. ஹாப்லிங்கர் என்னும் சிறு வண்டியே. அல்ப்ஸ் மலைப் பிரதேசத்தின் உறுதியான குதிரை இனமொன்றின் பெயரை அதற்கு இட்டனர். 1959இல் உற்பத்தி தொடங்கிய அதற்கு இரண்டு சிலிண்டர்களும் 643 கனசென்றிமீற்றர் கொள்ளளவுமுடைய இயந்திரமே உண்டு. வலுவோ சுமார் 24 குதிரைவலு. நான்கு சில்லுகளும் இழுக்கும். எடை மிகக் குறைவு. இந்த 24 என்னும் எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

மலை வண்டிகளைச் செய்து தேர்ந்த இவ்வூராரோடு ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தார் 1972இல் உடன்படிக்கை செய்தனர். அதன் பயனாக 1979இல் உற்பத்திக்கு வந்ததே ‘கெலெண்டேவாகன்’. கரடுமுரடான நிலத்துக்குரிய வண்டி என்பது அப்பெயரின் பொருள். சுருக்கமாக ‘ஜி’ என்பர். பெட்டியொன்றுக்குச் சில்லுகள் பூட்டியது போன்ற அதன் வடிவம் இன்றளவும் பெரிதும் மாறவில்லை. உற்பத்தியும் இதே நகரில்தான் நடைபெறுகிறது. 2023இல் 5 இலட்சமாவது வண்டி வெளிவந்தது.

உருவம் மாறவில்லை, உள்ளம் மாறிவிட்டது. 1979இல் வெளிவந்த டீசல் வண்டி ஒன்றின் வலு 72 குதிரைவலு. 2018இல் வெளிவந்த ‘ஜி 63’ வண்டியின் வலு 585.

இயந்திரத்தின் திறம்

இந்த 585 எவ்வாறு பெறப்படுகிறது? எட்டுச் சிலிண்டர்கள், பக்கத்துக்கு நான்காக, விரித்த புத்தகத்தைப் போலச் சாய்ந்து நிற்கின்றன. மொத்தக் கொள்ளளவு 4 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. வெளியேறும் புகையின் வேகத்தாற் சுழன்று, உள்ளே செல்லும் காற்றை அழுத்தித் தரும் இரு ‘டேர்போ’ விசிறிகள் அவ்விரு வரிசைகளுக்கும் நடுவே பொருத்தப்பட்டுள்ளன. வழி குறுகியதாகையால் காற்று தாமதமின்றிப் பாய்கிறது. சுமை குறைந்த வேளையில் நான்கு சிலிண்டர்கள் தாமாகவே ஓய்ந்துவிடும். ஏறத்தாழ இரண்டரைத் தொன் எடையுள்ள இவ்வண்டி, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை அடைய 4.5 செக்கன்களே எடுக்கும்.

ஆனால் மலையேறும் வித்தை இவ்வியந்திரத்தில் இல்லை. அதற்குக் கீழே உள்ளது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடுதலான தூரம் ஓடவேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடங்கொடுக்கும் பற்சில்லுத் தொகுதியே ‘டிபரென்சியல்’ எனப்படும். நல்ல வீதியில் இது பேருதவி. சேற்றிலோ, ஒரு சில்லு அந்தரத்தில் நிற்கும்போதோ இதுவே பகையாகிவிடும். எந்தச் சில்லுக்குப் பிடிப்பில்லையோ அது வீணாகச் சுழலும். பிடிப்புள்ள சில்லு அசையாது நிற்கும். ஜி வண்டியில் முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று என மூன்று பூட்டுகள் உண்டு. மூன்றையும் பூட்டினால் நான்கு சில்லுகளும் ஒரே கதியிற் சுழன்றாகவேண்டும். மூன்று அந்தரத்தில் நின்றாலும் நான்காவது இழுத்துச் செல்லும். இவற்றோடு, வேகத்தை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைத்து இழுவிசையை அதற்கேற்பக் கூட்டும் தாழ்கியரும் உண்டு.

இவற்றின் செயலை நேரில் அறியும் வாய்ப்பு நகரின் தெற்கே விமான நிலையத்தை அடுத்துள்ள பயிற்சித் திடலிற் கிட்டிற்று. அங்கே உருக்கினாலான சாய்தளம் ஒன்று 45 பாகையில் எழுந்து நிற்கிறது. வண்டியைச் செலுத்தியவர் ஓர் அம்மையார். தாழ்கியரை இட்டு, மூன்று பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். வண்டி சீறிப் பாயும் என்றெண்ணிக் கைப்பிடியை இறுகப் பற்றினோம். அதுவோ கர்ப்பிணிப் பசுவைப் போல மெல்ல மெல்ல ஏறிற்று. கண்ணாடியில் நிலம் மறைந்தது. வானம் மட்டுமே தெரிந்தது. நம் நெஞ்சின் ஓசை இயந்திரத்தின் ஓசையிலும் பெரிதாகக் கேட்டது என்றால் மிகையன்று. இத்தனைக்கும் அம்மையாரின் பாதம் மிதியைத் தொட்டதேயன்றி அழுத்தவில்லை.

மலைமேல் ஒரு கணக்கு

மறுநாள் ஷொக்கில் மலைக்குச் சென்றோம். கிராட்ஸுக்கு வடக்கே, 1445 மீற்றர் உயரமுள்ள மலை இது. சாங்க்ட் ராடெகுண்ட் என்னும் ஊரிலிருந்து கம்பிவழித் தொட்டி ஒன்று உச்சிக்குச் செல்கிறது. இந்நகரில் ஆசிரியராக இருந்த வானநூல் வல்லுநர் கெப்ளர், 1601இல் இம்மலைமீதேறிப் பூமியின் வளைவை அளக்க முற்பட்டார் என்பர்.

இம்மலையிலேதான் ஜி வண்டியின் சோதனைப் பாதை உள்ளது. நீளம் 5.6 கிலோமீற்றர். ஏற்ற இறக்கம் சில இடங்களில் 100க்கு 60. பக்கச் சாய்வு 100க்கு 40 வரை. புதிய மாதிரி இப்பாதையில் 2000 கிலோமீற்றர் ஓடித் தேறவேண்டும். தேறியதன் அடையாளமாகச் சிறு முத்திரையும் வண்டியிற் பொறிக்கப்படுகிறது.

உச்சியில் ஒரு வாங்கிலே அமர்ந்து நம் ஐயத்தைப் பிள்ளையிடம் கேட்டோம். அவன் குறிப்புப் புத்தகத்தை எடுத்தான்.

“மாமா, வண்டியின் எடை 2500 கிலோகிராம் என்று கொள்வோம். 100க்கு 60 என்பது ஏறத்தாழ 31 பாகை ஏற்றம். ஆள் நடக்கும் வேகத்தில், மணிக்கு 5 கிலோமீற்றராக ஏறுகிறது. உராய்வு முதலிய இழப்புகளை விட்டுவிட்டால் எவ்வளவு வலு வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்.”

“ஒரு 200 குதிரையாவது வேண்டாமா, தம்பி?”

“24 போதும்.”

நாம் நம்பவில்லை. அவன் ஒவ்வொரு படியாக எழுதிக் காட்டினான். பிழை காண முடியவில்லை. நூதனசாலையிலே கண்ட சிறிய ஹாப்லிங்கர் நம் கண்முன்னே வந்து நின்றது.

“அப்படியானால் மீதி 561 குதிரைகள்?”

“வீதியில் விரைந்தோட. நின்ற வண்டி 100 கிலோமீற்றர் வேகத்தை அடைவதும், அதே வண்டியை நிலத்திலிருந்து 39 மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதும் ஒரே அளவு வேலை. அதை 4.5 செக்கனிற் செய்ய வேண்டுமென்றால் குதிரைகள் வேண்டாமா? பிறகு பிறேக்கை அழுத்தும்போது அத்தனையும் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது. பெற்றோலும் 100 கிலோமீற்றருக்கு 13 லீற்றருக்குக் குறையாது செலவாகிறது.”

சற்று நேரம் பேசாதிருந்தோம். கீழே பைன் மரங்களின் ஊடே பாதையின் ஒரு துண்டு வெள்ளைக் கற்களோடு தெரிந்தது. பிள்ளை மீண்டும் தொடங்கினான்.

“2024இல் மின்சார ஜி வந்திருக்கிறது. சில்லுக்கு ஒன்றாக நான்கு மோட்டார்கள். எந்தச் சில்லுக்கு எவ்வளவு விசை என்பதைத் தனித்தனியே அளந்து கொடுக்கலாம். நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும். இறக்கத்திலே மோட்டார்களே மின் பிறப்பிகளாகிப் பற்றரியை நிரப்பும். மலையேறச் செலவிட்டதில் ஒரு பங்கை மலையிடமிருந்தே திரும்பப் பெறலாம். இந்தப் பங்கைக் கூட்டுவது எப்படி என்று படிக்கத்தான் பிரிவு மாற விரும்புகிறேன்.”

“அதிலாவது குதிரைகளைக் குறைத்தார்களா?”

அவன் நாணத்தோடு சிரித்தான். “இல்லை, மாமா. 587. பற்றரியின் பாரத்தால் எடையும் 3 தொன்னைத் தாண்டிவிட்டது. இப்போது மலை கேட்பது 29 குதிரைகள்.”

தான் விரும்பும் துறையின் குறையையும் மறைக்காது சொன்ன அப்பண்பு நம் மனத்தைத் தொட்டது. இதே நகரிலே 1875இல் மாணவனாகச் சேர்ந்த நிக்கொலா டெஸ்லா, வகுப்பறையில் ஒரு மின்பொறி தீப்பொறி கக்குவதைக் கண்டு, அக்குறையற்ற மோட்டார் ஒன்றைச் செய்யலாகாதா எனச் சிந்தித்தவர். குறையைக் கண்டு சொல்லும் மாணவனுக்கு இவ்வூர் ஏற்ற ஊர்தான்.

அன்றிரவு நண்பருக்குக் கடிதம் எழுதினோம். “மகன் இயந்திரத்தை வெறுத்து மாறவில்லை. எதற்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்தே மாறுகிறான். தடுக்க வேண்டாம்” என்பதே அதன் சாரம்.

புறப்படும் நாட்காலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தை மீண்டும் நோக்கினோம். நெடுமுள் ஏழில் நின்றது. குறுமுள் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. இம்முறை நாம் ஏமாறவில்லை. மணி ஏழேகாலாக இன்னும் சற்று நேரம் இருந்தது. புகையிரத நிலையத்துக்கு மெல்லவே நடந்தோம்.