ரெட்டிபாளையத்தில் ட்விஸ்ட்

அரியலூருக்குப் போகிறேன் என்று சொன்னால் சிநேகிதர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லுகிறார்கள். வயது முதிர்ந்தவர்கள் 1956-ம் வருஷத்து மருதையாற்றுப் பாலத்து ரயில் விபத்தை நினைத்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறார்கள். லால் பகதூர் சாஸ்திரி அதற்காக மந்திரி பதவியைத் துறந்த கதையையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். இளைஞர்களோ, "அப்படியே சிமெண்டு என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். நான் போனது இந்த இரண்டு காரியத்துக்கும் அல்ல. ஓர் ஆட்டத்தைத் தேடிக்கொண்டு போகிறேன் என்று சொன்னால் யார்தான் நம்பப் போகிறார்கள்? ஆகையால் சொல்லாமலே எழும்பூரில் ரயில் ஏறினேன்.

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கலியாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பந்தலில் வாலிபர்கள் போட்ட ஆட்டத்தைப் பற்றி நான் ஏதோ குறைவாகச் சொல்லிவிட்டேன். அவர் சாவதானமாக ரசத்தைக் குடித்துவிட்டு, "நான் எங்கள் ரெட்டிபாளையத்தில் 1967-லேயே ட்விஸ்ட் ஆடினவன், தம்பி" என்றார். அதற்குமேல் எனக்குப் பாயஸம் ருசிக்கவில்லை. அந்தக் கதையைக் கேட்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அரியலூரில் இறங்கிக் கிழக்கே பஸ்ஸில் போகும்போதே அந்தப் பிரதேசத்தின் குணம் தெரிந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படுகின்றன. சாலையோரத்து வேப்பமரங்கள் விபூதி பூசிய சிவனடியார்களைப்போல் வெளுத்து நிற்கின்றன. ஏழு கோடி வருஷங்களுக்கு முன்னால் இந்த நிலம் முழுவதும் கடலாயிருந்ததாம். அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும், நத்தையைப்போல் சுருண்ட ஓட்டையுடைய அம்மோனைட்டு என்னும் பிராணிகளும் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. கடல் விட்டுப்போன அந்தச் சுண்ணாம்பைத்தான் ரெட்டிபாளையத்துச் சிமெண்டு ஆலை இப்போது அரைத்துக்கொண்டிருக்கிறது. முறுக்கிக்கொண்டு கிடப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

முறுக்கு என்றதும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ட்விஸ்ட் என்னும் சொல்லுக்கு முறுக்குதல் என்றுதான் பொருள். ஆனால் 'முறுக்காட்டம்' என்று மொழிபெயர்த்தால் நேயர்களுக்குத் தீபாவளிப் பட்சணம் ஞாபகம் வந்துவிடும். ஆகையால் ட்விஸ்ட் என்றே இருக்கட்டும். அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் நடுவே வழங்கிவந்த ஆட்டம் இது. ஹாங்க் பாலார்டு என்ற கறுப்பினப் பாடகர் இதற்காக ஒரு பாட்டைக் கட்டி 1958-ல் பதிவு செய்தார். மறு வருஷம் அது ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளிவந்தது. பின்பக்கத்துப் பாட்டை யார் கவனிக்கிறார்கள்? 1960-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த சப்பி செக்கர் என்ற பதினெட்டு வயதுப் பையன் அதே பாட்டை ஏறக்குறைய அதே மாதிரி பாடித் தொலைக்காட்சியிலும் ஆடிக்காட்டினான். நாடு முழுவதும் பற்றிக்கொண்டது. அந்த வருஷம் செப்டம்பரில் அந்தப் பாட்டு விற்பனையில் முதலிடம் பெற்றது. பிறகு நியூயார்க்கில் பெப்பர்மிண்ட் லவுஞ்ச் என்ற சிறு மதுக்கூடத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் கூடி ஆட ஆரம்பிக்கவே, 1962 ஜனவரியில் மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது. செக்கரும் கறுப்பினத்தவர்தான். என்றாலும், உலகத்துக்குத் தெரிந்த பெயர் செக்கர். பாட்டைக் கட்டியவர் பாலார்டு. இதை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்கள் எங்கும் ஒரே மாதிரிதான். இடுப்பு பிசகும், முழங்கால் போய்விடும் என்று அமெரிக்க டாக்டர்கள் எச்சரித்தார்கள். பதவியிலிருந்து இறங்கிவிட்ட ஜனாதிபதி ஐஸன்ஹோவர், 1962-ல் தம் பெயரால் அமைந்த நூலகத்தின் திறப்பு விழாவில், இந்த ஆட்டத்தைச் சுட்டிக்காட்டித் தேசத்தின் தராதரமே மாறிவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார். யுத்தகளத்தில் ஹிட்லரின் சேனையை எதிர்த்து நின்றவருக்கு இடுப்பு ஆட்டத்தைத் தாங்க முடியவில்லை!

இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது எப்படி? சப்பி செக்கர் சொன்ன வழி மிகவும் எளியது: குளித்துவிட்டு வந்து துண்டால் பின்பக்கத்தைத் துவட்டுவதுபோல் இடுப்பை ஆட்ட வேண்டும், கீழே போட்ட சிகரெட்டை இரண்டு கால்களாலும் தேய்த்து அணைப்பதுபோல் பாதத்தைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் நம் கிராமத்துக் கிணற்றடியில் குளித்துவிட்டுத் துண்டை இரு கையாலும் பிடித்து முதுகைத் துவட்டுகிறவர், பாதி ட்விஸ்ட் ஆடுகிறார். பீடியை வரப்பில் போட்டுக் காலால் தேய்க்கிறவர் மற்றப் பாதியை ஆடுகிறார். குரு வேண்டாம், சலங்கை வேண்டாம், அரங்கேற்றம் வேண்டாம். மேனாட்டு நடனங்களில் ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொள்ள வேண்டுமே என்ற கூச்சமும் இதில் இல்லை. அவரவர் அவரவர் இடத்தில் நின்று ஆடலாம். கடல் கடந்து வந்த எத்தனையோ நடனங்கள் சென்னைப் பட்டணத்து ஹோட்டல்களைத் தாண்டவில்லை. இது மட்டும் கிராமத்துக் களத்துமேடு வரையில் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வந்த வாகனம் சினிமா. 1964-ல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. ரவிச்சந்திரனுக்கு அது முதற்படம். வேலையை இழந்த வாலிபன், எஸ்டேட் முதலாளியின் வீட்டுக்கு எதிரே கூடாரம் அடித்துக்கொண்டு, ஆடிப் பாடி வேலை கேட்கிறான். சத்தியாக்கிரகத்தில் இப்படியும் ஒரு வகை உண்டென்று அதற்கு முன் யாருக்கும் தெரியாது. 1966 பொங்கலுக்கு ஏ.வி.எம்.மின் 'அன்பே வா' வந்தது. கேலி செய்யும் இளைஞர் கூட்டத்தின் நடுவே எம்.ஜி.ஆர். ட்விஸ்ட் ஆடினார். படம் வெளியானபோது அவருக்கு 49 வயது நிறைய மூன்று நாள் பாக்கி. அவரே ஆடிவிட்ட பிறகு இதை அந்நிய ஆட்டம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

"எங்களுக்கு அந்தப் படம் வந்து சேர ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று" என்றார் பெரியவர். திண்ணையில் எனக்குப் பாயை விரித்துவிட்டு அவர் தூணில் சாய்ந்துகொண்டார். "பக்கத்தூரில் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். சாயங்காலமானால் ஒலிபெருக்கியில் பாட்டு வைப்பான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்கள் வீட்டுக் கொல்லைவரையில் கேட்கும். தரை டிக்கெட்டுக்கு மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்வோம். நான் அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தேன், தம்பி. கதைக்காக ஒரு தடவை. காலுக்காக ஆறு தடவை."

"காலுக்காகவா?"

"ஆமாம். எம்.ஜி.ஆர். காலை எப்படித் திருப்புகிறார் என்று பார்ப்பதற்குள் படத்தில் முகத்தைக் காட்டிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிக்க முடிந்தது."

அறுவடை முடிந்த சமயம். நிலாக் காலத்தில் களத்துமேட்டில் நாலைந்து பையன்கள் கூடிப் பழகியிருக்கிறார்கள். ஆட்டத்துக்குத் தாளம் வேண்டுமே? ஊரின் மறுகோடித் தெருவிலிருந்து ஒரு பையன் வருவானாம். அவனுடைய தகப்பனார் திருவிழாவிலும் சாவிலும் பறை அடிக்கிறவர். பையன் பறையை எடுத்துவரத் துணியவில்லை; ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொண்டுவந்து அதில் வாசித்தானாம்.

"படத்தில் எத்தனையோ வாத்தியம். இவன் ஒற்றைத் தகரத்தில் அத்தனையையும் கொண்டுவந்துவிடுவான். அவன் அடித்தால் நம் கால் தானாகத் திரும்பும். நான் ஆடினேன் என்று சொல்லிக்கொள்கிறேனே, உண்மையில் அவன்தான் என்னை ஆட்டினான்."

பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார்.

நாலாம் நாள் இரவு அவருடைய தகப்பனார் களத்துக்கு வந்துவிட்டார். கையில் கம்பு இல்லை, கோபமாகக்கூடப் பேசவில்லை. "ஆடுகிறவனுக்கு நாம் நெல் அளக்கிறோம். நீ ஆடிவிட்டு யாரிடம் போய் நெல் வாங்கப் போகிறாய்?" என்று ஒரு கேள்வி கேட்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ட்விஸ்ட் மேனாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்றெல்லாம் பட்டணத்தில் பேசியவர்களை நான் அறிவேன். ஒரு காலத்தில் நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன்தான். களத்துமேட்டில் நின்ற அந்த மனிதருக்கோ அமெரிக்காவைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. கரகம் ஆடுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள், கூத்துக் கட்டுகிறவர்கள் எல்லாரும் நெல் வாங்குகிறவர்கள். பார்க்கிறவர்கள் நெல் அளக்கிறவர்கள். அந்தக் கோட்டைத் தம் மகனுடைய கால் தாண்டியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நம்முடைய ஆட்டங்களின்மேல் நமக்கிருந்த மரியாதை எவ்வளவு என்பது அந்த ஒரு கேள்வியில் வெளியாகிவிட்டது.

"தகரம் வாசித்த பையன்?" என்று கேட்டேன்.

"எனக்குக் கிடைத்தது ஒரு வார்த்தை. மறுநாள் அவனுடைய தகப்பனாரைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் வந்து, எல்லோருக்கும் எதிரில் அவனை அடித்தார். அடிக்காவிட்டால் அந்த வருஷத்து நெல் கிடைத்திராது. நான் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதே திண்ணைதான். பிறகு அவன் ஊரில் தங்கவில்லை. திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான் என்றார்கள்."

இப்போது சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் திருவிழா வந்தால் 'ஆடலும் பாடலும்' என்று ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. மேடை, வண்ண விளக்கு, நெஞ்சை அதிரவைக்கும் ஒலிபெருக்கி, சினிமாப் பாட்டுக்கு ஆடும் பெண்களும் பிள்ளைகளும். இவ்வளவு மணிக்கு முடிக்க வேண்டும், ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது என்று நிபந்தனை விதித்து உயர்நீதிமன்றம் அனுமதி கொடுத்திருக்கிறது. ஆபாசம் கூடாதென்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் அந்த மேடைக்குக் கீழே பார்த்தால், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். யாரும் நெல் அளப்பதில்லை. பெரியவரின் பேரனும் ஆடுகிறானாம். வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

சாயங்காலம் நான் புறப்படத் தயாரானபோது, பெரியவர் உற்சாகம் வந்து, "பாதத்தை இப்படித் திருப்ப வேண்டும்" என்று உட்கார்ந்தபடியே காட்டினார். அப்போது உள்ளேயிருந்து காபியுடன் வந்த அவருடைய மனைவியார், "இவர் காட்டுவது தப்பு, தம்பி. குதிகால் தரையில் படக்கூடாது" என்றார்.

பெரியவர் திடுக்கிட்டார். "உனக்கெப்படித் தெரியும்?"

"கொட்டகையில் பெண்கள் பக்கம் என்று ஒன்று இருந்ததே, தெரியாதா? நாங்கள் அக்கா தங்கை மூன்று பேர். எங்கள் ஊரில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஆடுவோம். எங்களை யாரும் பிடிக்கவில்லை."

"ஐம்பது வருஷமாக என்னிடம் சொல்லவில்லையே?"

"நீங்கள் கேட்கவில்லையே?" என்று அந்த அம்மாள் காபியை என் கையில் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தை ஊன்றி ஒருமுறை திருப்பிக் காட்டினார். மூட்டுவலிக்காரர் காட்டியது அவ்வளவுதான், ஆனால் சரியாயிருந்தது.

பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தாளம் இல்லாமல் எப்படி?" என்று திண்ணைப் பலகையில் விரல்களால் தட்ட ஆரம்பித்தார். நாலைந்து தட்டுக்குப் பிறகு நிறுத்திவிட்டு, "இல்லை. இது அவன் வாசித்தது இல்லை. அவன் நடுவில் ஓர் அடியை விட்டுவிட்டு வாசிப்பான்" என்றார். மறுபடி தட்டிப் பார்த்தார். சரிப்படவில்லை. இன்னொரு முறை தட்டிக்கொண்டிருந்தபோதே தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.