பின்னால் வரும் பிள்ளை

யாழ்ப்பாணத்தில் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றுவதென்றால் முன் பாரில் துவாயைச் சுற்றி இருத்துவதுதான். அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவில் பிள்ளை இருக்கும். நித்திரை தூங்கினாலும் உடனே தெரியும். 1990களின் எரிபொருள் தடைக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் போனார்கள்.

அப்படிப் பாரில் இருந்து வளர்ந்த ஒருவர் இன்று சுவிற்சர்லாந்தில், பேர்ண் நகரின் பும்பிளிட்ஸ் பகுதியில் வசிக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் ஐந்து வயது மகளுடன் ஐரோப்பாப் பிளாட்ஸ் கோயிலுக்குச் சைக்கிளில் போவார். 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்துக்குள் இருக்கும் கோயில் அது. மகள் வருவது அவருடைய சீற் கம்பியில் பூட்டிய, முன்சில்லு இல்லாத அரைச் சைக்கிளில். ஜேர்மன்காரர் இதை ‘நாக்லொய்ஃபர்’ என்பார்கள். பின்னால் ஓடிவருவது என்று பொருள். அவளும் உழக்கலாம். ஆனால் திருப்ப முடியாது, பிரேக்கும் இல்லை.

முதலில் அவரை வருத்தியது பாரம் அல்ல, பிள்ளையைக் காண முடியாததுதான்.

பாதுகாப்பில் பெரும்பங்கு அந்தப் பூட்டில் இருக்கிறது. சீற் கம்பிகள் 25.4, 27.2, 31.6 மில்லிமீற்றர் என்று பல பருமன்களில் வருகின்றன. பருமனுக்கு ஏற்ற உள்வளையம் போடாவிட்டால் பூட்டு மெல்லச் சுழன்று, பிள்ளையின் சைக்கிள் ஒருபக்கம் சரிந்தபடி வரும். முதல் வாரத்தில் அவருக்கு அதுதான் நடந்தது. திருகாணியை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. சரியான வளையம் போட்ட பிறகே நேரானது. காபன் கம்பியில் இதைப் பூட்டவே கூடாது. அன்றிலிருந்து, பூட்டின் ஊசியைக் கையால் இழுத்துப் பார்க்காமல் அவர் புறப்படுவதில்லை.

கோயிலுக்குப் போகும் வழியில் ட்ராம் தண்டவாளம் உண்டு. அவர் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். சாய்வாகக் கடந்தால் சில்லு இடுக்கில் இறங்கிவிடும்; மழையில் இரும்பு வழுக்கும். கூடியவரை குறுக்கே நேராக வெட்டிக் கடக்க வேண்டும். அவருடைய இரண்டு சில்லுகளும் தாண்டிய பின்னும் மூன்றாவது சில்லு தாண்ட வேண்டியிருக்கும். அதுவரை ஹான்டிலைத் திருப்பக் கூடாது.

“தண்டவாளம் வருது பிள்ளை, ஆடாமல் இரு.”

“ஓமப்பா.”

அந்த ‘ஓமப்பா’ காதில் விழாமல் அவர் கடப்பதில்லை. கண் பார்க்க முடியாத இடத்தைக் காது பார்த்துக்கொள்கிறது.

2021 முதல் சுவிசில், சைக்கிள் பாதை இல்லாத இடங்களில் 12 வயது வரையான பிள்ளைகள் நடைபாதையில் சைக்கிள் ஓடலாம். கூட வரும் பெரியவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே இந்த நீண்ட வண்டி றோட்டில்தான் போக வேண்டும். வளைவில் பின்சில்லு உட்பக்கமாக வெட்டி வரும். ஓரக்கல்லிலிருந்து விலகியே திரும்ப வேண்டும். பிள்ளையும் சைக்கிளுமாக ஏறக்குறைய 30 கிலோ பின்னாலிருந்து தள்ளும். பிரேக்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். அப்பாவின் பின்விளக்கைப் பிள்ளையின் உடல் மறைத்துவிடும். சிவப்பு விளக்கு கடைசிச் சில்லுக்கு மேலேயும் எரிய வேண்டும்.

பழைய பொருட்கள் கடையில் இந்த அரைச் சைக்கிளை வாங்க நினைக்கும் பெற்றோரே, உங்கள் சைக்கிளையும் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள். பிள்ளையை ஏற்றுமுன் வெறும் வண்டியோடு ஒரு தெரு சுற்றி வாருங்கள்.